நிழற்படக் கலையும் நிழலில் நின்றோரும்

கொழும்பில் நாடகம் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு லயனல் வென்ட் என்பது ஒரு மண்டபத்தின் பெயர். கறுவாத்தோட்டத்தில், கில்ட்போர்ட் கிறசன்ற் என்று நெடுங்காலம் வழங்கிவந்த வீதியில், 1953ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அம்மண்டபத்தில் சிங்கள நாடகங்களையும் ஆங்கில நாடகங்களையும் எப்போதாவது தமிழ் நாடகங்களையும் நம்மிற் பலர் பார்த்திருக்கின்றோம். ஆனால் அப்பெயருக்குரிய மனிதர் இந்நாடு கண்ட தலைசிறந்த புகைப்படக் கலைஞர் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? அவருடைய படங்கள் 2017ஆம் ஆண்டு ஆம்ஸ்ரடாம் நகரில் தனிக்காட்சியாக வைக்கப்பட்டன. ஐரோப்பாவில் அவர் மீண்டும் கண்டெடுக்கப்பட்டுப் போற்றப்படுகின்றார். நாமோ அவருடைய மண்டபத்துக்குள் போய் வருகின்றோமே ஒழிய, அவருடைய கலையைப் பற்றி நம் மொழியில் ஓர் உரையாடலைத் தொடங்கியதாகச் சொல்ல முடியாது.

அதனைத் தொடங்கி வைப்பது இக்கட்டுரையின் நோக்கம். வென்டைப் புகழ்ந்து அமைவதாலோ, மேல்தட்டு அழகியல்வாதி என்று ஒரு வரியில் தள்ளிவிடுவதாலோ அது நிறைவேறாது. புகைப்படக் கலைஞன் தன் தொழிலைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்துக்கும், அவன் கமெராவின் முன் நிற்கும் மனிதருக்கும் இடையே உள்ள உறவு யாது? இக்கேள்விக்கு விடைகாண முயல்வோமாயின், கறுவாத்தோட்டத்தில் தொடங்கும் நம் பயணம் வெள்ளவத்தைக்கும் பொறளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நம்மை இட்டுச் செல்லும்.

பிற கலைகளுக்கு இல்லாத ஒரு பொறுப்பு புகைப்படத்துக்கு உண்டு. நாவலாசிரியன் தன் பாத்திரத்தைக் கற்பனை செய்யலாம். ஓவியன் பத்து முகங்களைக் கலந்து ஒரு முகத்தைத் தீட்டலாம். புகைப்படக்காரனுக்கோ உயிருள்ள ஒரு மனிதர், குறித்த ஒரு நாளில், குறித்த ஓரிடத்தில் எதிரே வந்து நின்றாக வேண்டும். அம்மனிதருக்குப் பெயர் உண்டு, வயிறு உண்டு, படத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் உண்டு. ஆகவே, ‘நான் எதனைக் கருதி இப்படத்தை எடுத்தேன்’ என்று கலைஞன் கூறும் விளக்கம் பாதி விளக்கமே. மறுபாதி எதிரே நின்றவரிடம் இருக்கின்றது. விமர்சகனின் கடமை அந்த மறுபாதியைத் தேடுவதாகும்.

வென்டுக்கு முன்பிருந்த நிலைமையை முதலில் நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன், பிளேற் முதலிய ஐரோப்பியரின் ஸ்ரூடியோக்கள் கொழும்பில் தொழில் நடத்தின. கப்பலில் வந்து இறங்கும் பிரயாணிகளுக்கு அவை படங்களையும் தபால் அட்டைகளையும் விற்றன. அந்த அட்டைகளில் ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலி’, ‘றொடியப் பெண்’ என்று மனிதர் இனவாரியாக வகுக்கப்பட்டனர். தாவரவியலாளன் இலையைக் காய வைத்து ஒட்டி அதன் வகையைக் கீழே எழுதுவது போன்ற செயல் அது. தோட்டத்துப் பெண்ணொருத்தி மூக்குத்தியும் காற்சிலம்புமாக, வரைந்த திரைச்சீலைக்கு முன் நிறுத்தப்பட்டாள். அவள் பெயர் என்ன, எவ்வூரிலிருந்து வந்தவள், அன்றைய கூலியை இழந்து வந்து நின்றாளா என்பனவெல்லாம் அட்டையில் இல்லை. குடியேற்ற ஆட்சிக்கு வேண்டியிருந்தது ஆட்களின் வகை, ஆள் அல்ல.

இவ்விடத்தில் யூலியா மார்கரெற் கமரன் என்ற அம்மையாரைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல முடியாது. 1815இல் கல்கத்தாவிற் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாகக் கமெராவைக் கையிலெடுத்து, ஆங்கில நாட்டின் மாபெரும் புகைப்படக் கலைஞராக உயர்ந்தவர் அவர். தம் கலையைப் பற்றித் தாமே எழுதிய முதற் புகைப்படக் கலைஞருள் அவரும் ஒருவர். 1874இல் அவர் எழுதி முற்றுப்பெறாது விட்ட தன்வரலாற்றுக் குறிப்பு, அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின் அச்சேறியது. நிலக்கரி அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாகவும் தாம் மாற்றிக்கொண்ட கதையை அதில் அவர் சுவைபடக் கூறுகின்றார். தம் முன் வந்த அழகு அனைத்தையும் பிடித்து நிறுத்திவிடத் தாம் தவித்ததையும், பெரியோரைப் படமெடுக்கையில் அவர்தம் புறவடிவோடு அகத்தின் பெருமையையும் பதிவு செய்ய முயன்றதையும் எழுதுகின்றார். உயர்ந்த எண்ணந்தான். ரெனிசன், டார்வின், ஹேர்ஷல், கார்லைல் ஆகியோரின் முகங்கள் அவர் படங்களில் இன்றும் உயிரோடு நம்மை நோக்குகின்றன. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைக்கூட அவர் கன்னி மரியாளாக நிறுத்திப் படமெடுத்தார். அப்பெண்ணின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது.

1875இல் கமரன் குடும்பம் இலங்கைக்கு வந்தது. கணவர் சாள்ஸ் ஹே கமரன் நம் பாடநூல்களில் இடம்பெறும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் கமரனேயாவார். 1832இல் இந்நாட்டின் நீதிமுறையைச் சீர்திருத்த ஆலோசனை கூறிய அவரே பின்னர் இங்கு கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளரானார். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த காலத்தில் அம்மையார் கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலும் அதே மென்மையான ஒளியும் நெருக்கமான பார்வையும் உண்டு; தபால் அட்டைக்காரரிடம் இல்லாத மரியாதையும் உண்டு. ஆனால் பெயர்? ‘களுத்துறைக் குடியானவர் சிலர்’ என்பது போன்ற தலைப்புகளே நமக்குக் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் வேலைக்காரிக்கும் இருந்த பெயர் இலங்கையில் மறைந்து போயிற்று. பெரியோரின் அகத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற அவருடைய கொள்கை, தம் குடும்பத்தின் கோப்பிச் செடிக்கு உழைத்தவர் முன்னே வந்ததும் வாயடைத்து நின்றது. அதனை அவருடைய உள்ளத்தின் குறை என்று நாம் கூறவில்லை. அவர் நின்ற இடத்தின் குறை அது. 1879இல் மறைந்த அவர் பொகவந்தலாவையில், தேவாலயமொன்றின் நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். அம்மலைச் சரிவெங்கும் புதைந்து கிடக்கும் தொழிலாளருக்குக் கல்லறையும் இல்லை. கல்லில் எழுத்தும் இல்லை.

இனி வென்டுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட் பறங்கியர் சமூகத்தவர். தந்தையார் உயர்நீதிமன்ற நீதியரசர். மகன் இலண்டனில் சட்டமும் பியானோ இசையும் பயின்று 1924இல் நாடு திரும்பினார். சட்டம் அவரைக் கவரவில்லை; இசையும், பின்னர் கமெராவும் கவர்ந்தன. 1930களின் முற்பகுதியிலிருந்து 1944 டிசெம்பரில் அவர் மறையும் வரையுள்ள ஏறத்தாழப் பத்தாண்டுகளே அவருடைய புகைப்பட வாழ்வு. அக்குறுகிய காலத்துள் அவர் சாதித்தது பெரிது. மான் ரேயைப் போன்ற ஐரோப்பியப் புதுமைக் கலைஞர் கையாண்ட முறைகளை, அஃதாவது அச்சிடும் வேளையில் ஒளி பாய்ச்சி விளிம்புகளை மாற்றுவதையும், பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதையும் அவர் கொழும்பிலிருந்தே ஆராய்ந்து பயன்படுத்தினார். பத்திரிகைகளில் புகைப்படக்கலை பற்றி எழுதினார். கண்டி நடனத்துக்கு நகரத்தில் மதிப்புத் தேடிக் கொடுப்பதில் முன்னின்றார். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் முதலிய ஓவியர் ஒன்றுகூடிய ‘43 குழு’ 1943இல் அவருடைய வீட்டிலேதான் உருவாயிற்று. விக்ரோறியா காலத்து ஆங்கில ஓவியப் பாணியைப் பார்த்தெழுதுவதே கலை என்றிருந்த மந்த நிலையை அக்குழு உடைத்தது. இவ்வகையில் வென்ட் முற்போக்குச் சக்தியாகவே செயற்பட்டார் என்பதில் ஐயமில்லை.

படங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். மீனவர், மரமேறுவோர், வண்டிக்காரர், குளத்தில் நீராடும் இளைஞர் ஆகியோர் அவருடைய படங்களில் தபால் அட்டையின் ‘வகை’களாக வரவில்லை. தோளின் வளைவும் நெற்றியின் வியர்வையும் தனித்தனியாகக் கவனிக்கப்பட்ட மனிதராக வருகின்றனர். ஆணுடல் மீது அவருக்கிருந்த ஈர்ப்பை அவருடைய படங்கள் மறைப்பதுமில்லை. அத்தகைய அன்பைக் குற்றமென்று வகுத்த 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறையில் இருந்த நாட்டில், அதனை ஒளியும் நிழலுமாக வெளிப்படுத்தியதில் ஒரு துணிவு உண்டு. ஒழுக்கத்தின் பெயரால் அதனைப் பழிப்போரோடு நமக்கு உடன்பாடில்லை. நம் கேள்வி வேறிடத்தில் இருக்கின்றது.

வென்டின் படங்களுக்குப் பின்னிருக்கும் கருத்தை நாம் இவ்வாறு தொகுத்துக் கூறலாம்: உலகம் வடிவங்களால் ஆனது, கண் பயிற்சி பெற்றிருந்தால் எந்தப் பொருளிலும் இசை கேட்கும், கமெரா அந்த இசையைப் பிடிக்கும் கருவி. பியானோக் கலைஞருக்கு இயல்பான கொள்கைதான். ஆனால் இக்கொள்கைக்கு ஓர் எல்லை உண்டு. 1934இல், வென்ட் முழுமூச்சுடன் படமெடுத்துக் கொண்டிருந்த அதே காலத்தில், ஜெர்மானிய மார்க்சிய விமர்சகர் வால்ரர் பெஞ்சமின் ஒரு கருத்தை முன்வைத்தார். புதுப்பாணிப் புகைப்படம் எதனைத் தொட்டாலும் அழகாக்கி விடுகின்றது. வறுமையைக்கூட நுகர்பொருளாக்கி விடுகின்றது என்றார் அவர். படத்துக்குத் தக்க தலைப்பை எழுதவும் புகைப்படக்காரன் கற்றாக வேண்டும், அதுவே படத்தை நாகரிக மோகத்திலிருந்து மீட்கும் என்பதும் அவர் வாதம். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, தொழிற்சாலையின் புறத்தோற்றத்தைப் படமெடுத்தால் அத்தொழிற்சாலையைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே தெரிய வராது என்ற பேர்தோல்ற் பிறெக்ற்றின் கருத்தையும் பெஞ்சமின் எடுத்துக் காட்டியிருந்தார். மனித உறவுகள் எந்திரங்களுக்குள் மறைந்து கிடக்கையில், மேற்பரப்பை மட்டும் காணும் கண்ணாடி அவற்றை எவ்வாறு காட்டும்?

இக்கூற்றை நம்மூரில் வைத்துப் பார்ப்போம். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சிங்களத் தொழிலாளரும் மலையாளத் தொழிலாளரும் பணிபுரிந்த ஆலை அது. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் தலைமை தாங்கினர். இரண்டாண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு வழிகோலிய போராட்டங்களுள் இதுவும் ஒன்று. வென்டின் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இவை நிகழ்ந்தன. ஆனால் அவருடைய புகழுக்கு அடையாளமான படங்களில் மீனவனைக் காண்கின்றோம்; ஆலைத் தொழிலாளியைக் காண்பதில்லை. வயலும் வாவியும் உண்டு. தறியும் சங்கும் இல்லை. வெற்றுடம்போடு வெயிலில் நிற்கும் உழைப்பாளி சிற்பம்போல் தோன்றுவான். பஞ்சுத் தூசியில் இருமும் உழைப்பாளி அவ்வாறு தோன்றமாட்டான். எந்த உழைப்பு அழகாகத் தெரியுமோ அதனை மட்டும் உழைப்பென்று கண்டுகொள்ளும் குறைபாடு வடிவக் கொள்கையோடு கூடப் பிறந்தது. அந்த ஆலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் ஹவ்லொக் சிற்றி மாடிமனைகள் எழுந்துவிட்டன. ஆலைக்குள் உழைத்தவர்களின் முகங்களைத் தேடுவோர் இனி எங்கே போவது?

‘சோங் ஒவ் சிலோன்’ என்ற திரைப்படம் இதற்கு இன்னொரு சான்று. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில், ஜோன் கிறியர்சன் தயாரிக்க, பேசில் றைற் 1934இல் உருவாக்கிய இப்படம் மறு ஆண்டு பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. படப்பிடிப்புக்குத் துணைநின்றதோடு, கண்டிய அரசின் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளைப் படத்தில் வாசிக்கும் குரலும் வென்டினுடையதே. மூன்றாம் பகுதியில் வணிகத்தின் குரல்கள் ஒலிக்கின்றன. சந்தை விலை கேட்கின்றது, கப்பற் செய்தி கேட்கின்றது. கொழுந்து பறிக்கும் கைகளும் திரையில் தோன்றுகின்றன. ஆனால் அக்கைகளுக்கு உரியவரின் குரல் மட்டும் கேட்பதில்லை. இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து மலையேறிய மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தேயிலைப் பணத்தில் எடுத்த படத்தில் தேயிலைத் தொழிலாளி பேசவில்லை.

இதனை வெறும் கலைக்குறை என்று ஒதுக்கிவிட முடியுமா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை நினைவுகூர்க. தகப்பன் இந்நாட்டிற் பிறந்ததை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததை எண்பித்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை என்றது அச்சட்டம். அறுபது எழுபது ஆண்டுகளாக ‘தமிழ்க் கூலி’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்பட்டவர்களிடம் பாட்டன் பெயருக்கும் பிறந்த இடத்துக்கும் பத்திரம் கேட்கப்பட்டது. பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். படத்தின் கீழே பெயர் எழுதாத பழக்கமும், பதிவேட்டில் பெயர் இல்லையென்று உரிமை மறுத்த சட்டமும் ஒரே சமூக அமைப்பின் இரண்டு கைகள்.

இப்போது நமக்கு மிகவும் வேதனை தரும் பகுதிக்கு வருகின்றோம். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா 1929இல் கொழும்புக்குக் கொன்சலாக வந்து, வெள்ளவத்தைக் கடற்கரையோரத்தில் சிறு வீடொன்றில் வாழ்ந்தார். நெரூடா நம்மவர். அவருடைய கவிதைகளை நாம் மொழிபெயர்த்தோம், மேடைகளில் முழங்கினோம், மாணவர்களுக்குக் கற்பித்தோம். 1974இல், அவர் மறைந்த மறு ஆண்டு, வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் வென்டை அவர் அன்போடு நினைவுகூர்கின்றார். கிழமைதோறும் மூட்டை நிறையப் புத்தகங்களைச் சைக்கிளில் ஏற்றி வெள்ளவத்தைக்கு அனுப்பி வைத்தாராம் வென்ட். புத்தகங்களின் ஆசிரியர்கள் நமக்குத் தெரியும். சைக்கிள் மிதித்தவர் யாரென்று தெரியாது.

அதே நூலில், அதே வெள்ளவத்தை வீட்டைப் பற்றி, அவர் இன்னொன்றையும் எழுதியிருக்கின்றார். ஒவ்வொரு காலையும் அவ்வீட்டின் வாளிக் கக்கூசைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண்ணை, சாதியால் ஒடுக்கப்பட்டவளென்று அவரே குறிப்பிடும் அப்பெண்ணை, ஒரு நாள் கையைப் பற்றி உள்ளே இழுத்துச் சென்றதை அவரே ஒப்புக்கொள்கின்றார். அவள் கண்களை மூடவில்லை, எவ்வித உணர்ச்சியும் காட்டவில்லை, அவள் தம்மை வெறுத்தது நியாயமே என்றும் எழுதுகின்றார். இதற்குப் பெயர் வன்புணர்ச்சி. வேறு பெயர் கிடையாது.

புகைப்படம் பற்றிய கட்டுரையில் இச்செய்தியை ஏன் கொண்டுவந்தோம் என்று வாசகர் வினவலாம். காரணம் இதுதான். அப்பெண்ணை வருணிக்கும்போது நெரூடா தென்னிந்தியாவின் பழஞ் சிற்பங்களை நினைக்கின்றார். நிகழ்ந்ததை ஒரு மனிதனும் ஒரு சிலையும் சந்தித்ததற்கு ஒப்பிடுகின்றார். மறுப்பதற்கு வாயற்ற நிலையில் வைக்கப்பட்ட ஒருத்தியைச் சிலையென்று வருணித்தமையால் அவளுடைய மௌனம் அழகாக மாறிவிடுகின்றது. உழைக்கும் உடலைச் சிற்பமாகக் காணும் கண், அவ்வுடலுக்குள் ஒரு மனம் இருப்பதை மறக்க எவ்வளவு எளிதாகக் கற்றுக்கொள்கின்றது! வென்ட் எவருக்கும் இத்தகைய தீங்கு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு ஒப்பிடுவது அநியாயம். இரண்டு செயல்களும் வேறு. ஆனால் அக்காலத்துக் கொழும்பின் கலையுலகில் உலவிய பார்வையொன்று, அதன் கடைசி எல்லையில் என்னவாகக்கூடும் என்பதற்கு வெள்ளவத்தை வீடு சாட்சியாய் நிற்கின்றது.

2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது சிலி நாட்டுப் பெண்களே அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2021இல் சிங்களத் திரைப்பட நெறியாளர் அசோக ஹந்தகம இக்கதையைப் படமாக்கினார். வென்டின் வீட்டுப் பெயராகிய ‘அல்பொராடா’ என்பதே படத்தின் பெயருமாகும். அவள் நம் மொழி பேசியவள். அவளைப் பற்றி முதலிற் பேசியிருக்க வேண்டிய தமிழ் இடதுசாரி எழுத்தாளராகிய நாம் அந்தப் பக்கத்தை வாசித்தும் வாசியாதவர்போல் இருந்துவிட்டோம். கவிஞர் நம் கட்சியார் என்பதாலா? அவள் துப்புரவுத் தொழிலாளி என்பதாலா? இரண்டாவது காரணமும் உண்டு என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனத்துணிவு வேண்டும். கொழும்பு மாநகரத்தின் அழுக்கை அகற்றிய அம்மக்களை, வெள்ளவத்தையில் குடியிருந்த நம் படித்த வகுப்பாரும் வாசலுக்கு வெளியேதான் நிறுத்தி வைத்தனர்.

அப்படியானால் முற்போக்குக் கலைஞன் செய்ய வேண்டியது யாது? படமெடுக்காமல் இருந்துவிடுவதா? அன்று. 1943இன் வங்கப் பஞ்சத்தின்போது இந்தியக் கம்யூனிஸ்ற் கட்சியின் பொதுச் செயலாளர் பி. சி. ஜோஷி, ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த சுனில் ஜானா என்ற இளைஞரைக் கமெராவோடு உடன் அழைத்துச் சென்றார். ஜானா எடுத்த படங்கள் கட்சி ஏட்டில் வெளிவந்து, மறைக்கப்பட்ட பஞ்சத்தை நாடறியச் செய்தன. அப்படங்களுக்கு அருகே காரணமும் அச்சிடப்பட்டது. பட்டினியை இயற்கையின் சீற்றமென்று காட்டாமல், பதுக்கலையும் அரசின் பொறுப்பின்மையையும் சுட்டிக் காட்டின அப்பக்கங்கள். பெஞ்சமின் கேட்ட ‘தலைப்பு’ இதுவேயாகும்.

ஆயினும் நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1936இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொறதியா லாங் கலிபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற படம் உலகறிந்தது. அத்தாயின் பெயரையோ கதையையோ தாம் கேட்கவில்லை என்று 1960இல் அவரே எழுதினார். 1978இல் அத்தாய் யாரென வெளியாயிற்று. புளோறன்ஸ் தொம்சன் என்ற அப்பெண்மணி, அப்படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றும் மனம் நொந்து கூறினார். வறியோர்க்கு உதவி தேடும் அரசுத் திட்டத்துக்காக, நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படம் அது. நாற்பதாண்டுக் காலம் ஒரு பெண் தன் முகத்துக்கு உரிமையற்றவளாய் வாழ்ந்ததை நல்லெண்ணம் தடுக்கவில்லை.

கொழும்புக்கே திரும்புவோம். 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொறளையில் வன்செயல் தொடங்கியது. அவ்வன்செயலின் போது, இடதுசாரி நாளேடொன்றின் புகைப்படக்காரரான சந்திரகுப்த அமரசிங்க பொறளை பஸ் நிலையத்தில் எடுத்த படத்தை அறியாதவர் இல்லை. ஆடைகள் களையப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கின்றார். சுற்றி நிற்பவர்களின் முகத்தில் சிரிப்பு. வென்டின் படங்களிலும் ஆடையற்ற ஆணுடல் உண்டு; இங்கும் உண்டு. ஆனால் இங்கு நம் கண் வளைவையும் நிழலையும் தேடிப் போவதில்லை. இந்த நிர்வாணம் மனிதர் ஒருவருக்குப் பிற மனிதர் செய்த கொடுமை என்பது பார்த்த கணத்தில் விளங்கிவிடுகின்றது. படத்தின் மையம் பாதிக்கப்பட்டவரின் உடல் மட்டுமன்று. சிரிக்கும் முகங்களும் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. உறவுகளைக் காட்ட முடியாது என்று பிறெக்ற் ஐயுற்ற அதே கருவி, இங்கே உறவையே காட்டிவிட்டது. அழகாக எடுக்க அவகாசமில்லாத அந்தப் படம், நடந்தது நடக்கவில்லை என்று கூற எவருக்கும் இடம் வைக்கவில்லை. சிங்களப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த சாட்சியம் அது என்பதையும் நம் மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

அதே யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளுள் இருந்தவை நாற்காலிகளும் நகைப் பெட்டிகளும் மட்டுமல்ல. கலியாணப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப்படங்கள், இறந்துபோன பாட்டியின் ஒரே படம் ஆகியனவும் எரிந்தன. ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தானே படமெடுத்து, தன் கையாற் பெயரும் திகதியும் எழுதி வைத்திருந்த சேமிப்பு அது. வென்டின் மறைவுக்குப் பின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டதைக் கலை வரலாற்றாசிரியர் பேரிழப்பென்று குறிப்பர், அது மெய்தான். ஆனால் அவருடைய படங்கள் 1950இல் பெருநூலாக வெளியிடப்பட்டு நிலைத்துவிட்டன. எரிந்த குடும்பப் படங்களுக்கு நூலுமில்லை, மண்டபமுமில்லை.

ஆகவே, புகைப்படத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஆசிரியர்களும் மாணவர்களும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது: இப்படத்தில் இருப்பவரின் பெயர் என்ன, அது நமக்குத் தெரியாதெனில் ஏன் தெரியவில்லை? இரண்டாவது: படச்சட்டத்துக்கு வெளியே யார் நிற்கின்றனர், கூலி கொடுப்பவரா, சிரிப்பவரா, படத்துக்குப் பணம் கொடுத்தவரா? மூன்றாவது: இப்படம் எங்கே போகின்றது, எதிரே நின்றவர் அதனை எப்போதாவது பார்த்தாரா? இக்கேள்விகள் அழகுக்கு எதிரானவை அல்ல. அழகுக்கு விலை கொடுத்தவர் யாரென்று கேட்பவை. இவற்றைக் கேட்ட பின்னரும் வென்டின் படங்கள் அழகாகவே இருக்கும். ஆனால் அவற்றைப் பார்க்கும் நாம், பழைய பார்வையாளராக இருக்கமாட்டோம்.

இக்கேள்விகளை முற்போக்கு ஏடுகளிடமும் கேட்பது நேர்மை. மே தினச் சிறப்பிதழ் அட்டைகளில் சுருக்கம் விழுந்த கிழவியின் முகத்தையும் கூடை சுமக்கும் மலையகப் பெண்ணையும் நாம் எத்தனை முறை அச்சிட்டிருக்கின்றோம்! அப்பெண்ணின் பெயரை எத்தனை முறை எழுதினோம்? ‘உழைப்பின் உருவம்’ என்று எழுதினால் போதுமென்று எண்ணினோம். ‘தமிழ்க் கூலி’ என்ற தபால் அட்டைத் தலைப்புக்கும் ‘உழைப்பின் உருவம்’ என்ற நம் தலைப்புக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. பெயரை விழுங்கியதில் வேறுபாடு இல்லை.

முடிவாக ஒன்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்து தம் பிள்ளைகள் எங்கேயென்று கேட்டனர். அத்தாய்மார் கையிற் பிடித்திருந்தவை என்ன? அடையாள அட்டைக்கென ஏதோ ஒரு சிறு ஸ்ரூடியோவில் எடுத்த படங்கள். நேராகப் பார்க்கும் முகம், வெள்ளைப் பின்னணி. வடிவமுமில்லை, நிழலின் இசையுமில்லை. எடுத்தவர் யாரென எவருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் முழுப்பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. காணாமற் போன நாளும் எழுதப்பட்டிருக்கின்றது. நூறாண்டுக்கு மேலாக நம் மக்களைப் பெயரின்றிப் படமெடுத்தோர்க்கெல்லாம் விடையாக, படமெடுத்தவரின் பெயரைத் துறந்து படத்திலுள்ளவரின் பெயரை உயர்த்திப் பிடிக்கின்றனர் அத்தாய்மார். புகைப்படத்தின் கடமை யாதென்று கலைஞர் பலர் எழுதியிருக்கின்றனர். அவற்றோடு சேர்த்து, வீதியோரத்தில் அமர்ந்திருந்த இத்தாய்மாரின் விளக்கத்தையும் நாம் பாடமாகக் கொள்வோம்.